ஆயரே அரசர்: ஐரோப்பாவில் கோலும் வாளும் ஒரே கையில் இருந்த காலம்

#1 – கோட்டைவாசல்

வணக்கம் நண்பர்களே. வேலை விஷயமாக ஜெர்மனியில் இருக்கிறேன். வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் 'ரெசிடென்ஸ்' என்ற அரண்மனையைப் பார்த்தேன். 1720ல் கட்ட ஆரம்பித்தது. கட்டியவர் பால்தசார் நாய்மன். மாடிப்படிக்கு மேலே விதானம் முழுக்க வெனிஸ் ஓவியர் டியெப்போலோ வரைந்த பிரம்மாண்டமான ஓவியம். நான்கு கண்டங்கள் நான்கு பெண்களாக. ஆசியா யானை மேல் உட்கார்ந்திருக்கிறாள். 1981ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

எந்த ராஜாவின் அரண்மனை என்று கேட்டேன். ராஜா இல்லை, ஆயர் (பிஷப்) என்றார்கள். அவருக்குச் சொந்தமாகப் படை, நாணயம், வரி, சுங்கம், தூக்குமேடை எல்லாம் இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் போப்பாண்டவருக்கும் பேரரசருக்கும் நடந்த சண்டையைப் படித்ததோடு சரி, இப்படி ஊர் ஊராக ஆயர்கள் நாடாண்ட கதையை யாரும் சொல்லித் தரவில்லை. யார் கொடுத்த அதிகாரம் இது? எத்தனை நாள் நடந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 – பழங்காசு

நல்ல இழை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் நூற்றாண்டு ஜெர்மனியில் அரசருக்குப் பெரிய தலைவலி அவருடைய பிரபுக்கள்தான். ஒருவனிடம் ஒரு நாட்டை ஆளக் கொடுத்தால், அவன் செத்ததும் மகன் வந்து "எங்கப்பன் சொத்து" என்று உட்கார்ந்துகொள்வான். இரண்டு தலைமுறை போனால் அரசருக்கு எதிராகவே படை திரட்டுவான். முதலாம் ஓட்டோவுக்கு (936ல் அரசர், 962ல் புனித ரோமப் பேரரசர்) வெளியாள்கூட வேண்டியிருக்கவில்லை. சொந்த மகனும் மருமகனுமே சேர்ந்து கலகம் செய்தார்கள். அந்தக் கலகத்தின் நடுவில், 953ல், ஓட்டோ தன் கடைசித் தம்பி புரூனோவைக் கொலோன் பேராயராக்கினார். மருமகனிடமிருந்து பிடுங்கிய லோத்தரிங்கியா நாட்டையும் அந்தத் தம்பி கையிலேயே கொடுத்தார்.

கணக்கு எளிது. ஆயருக்குச் சட்டப்படி வாரிசு கிடையாது. அவர் போனால் பதவி காலி, அடுத்த ஆளை அரசரே பார்த்து வைக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேறு. ஓட்டோவின் வழிவந்த பேரரசர்களும் இதையே பிடித்துக்கொண்டு ஆயர்களுக்கு நிலம், சந்தை, சுங்கம், நீதிமன்றம் என்று அள்ளிக் கொடுத்தார்கள். 1007ல் இரண்டாம் ஹென்றி பாம்பெர்க் என்ற மறைமாவட்டத்தையே புதிதாக உண்டாக்கி, சொத்து எழுதி வைத்தார்.

இந்தக் கணக்கு ஓடுவதற்கு ஆயரை நியமிப்பது அரசராக இருக்க வேண்டும். அங்கேதான் ரோம் குறுக்கே வந்தது. போப்பாண்டவர் ஏழாம் கிரகோரி, ஜெர்மன் அரசர் நான்காம் ஹென்றி, 1077 ஜனவரியில் கனோசா கோட்டை வாசலில் அரசர் பனியில் காத்து நின்றது: பாடப்புத்தகத்தில் வருவது இந்தக் கட்டம்தான். 1122ல் வோர்ம்ஸ் நகரத்தில் உடன்பாடு வந்தது. ஜெர்மனியில் பேராலயத்துக் குருக்கள் ஆயரைத் தேர்ந்தெடுப்பார்கள். மோதிரமும் ஆயர் கோலும் திருச்சபை கொடுக்கும். ஆட்சி உரிமைக்கு அடையாளமாகச் செங்கோலைப் பேரரசர் கொடுப்பார். ஒரே ஆளுக்கு இரண்டு பதவி என்பது எழுத்தில் வந்தது அப்போதுதான்.

1220ல் இரண்டாம் ஃபிரெடரிக் தன் மகனை அரசனாகத் தேர்ந்தெடுக்க ஆயர்களின் தயவு தேவைப்பட்டதால், இன்னும் பல உரிமைகளை விட்டுக்கொடுத்தார். ஆயர் நாட்டில் அவர் ஒப்புதல் இல்லாமல் பேரரசர் புதிதாகச் சுங்கமோ நாணயச்சாலையோ வைக்க முடியாது என்றானது. 1356ல் நான்காம் சார்லஸ் வெளியிட்ட 'தங்க ஆணை'யின்படி பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு தேர்வாளர்களில் மூவர் பேராயர்கள்: மைன்ஸ், கொலோன், டிரியர். பேரரசருக்குப் பிடித்த ஆளை ஆயராக்குவதற்காக வந்த ஏற்பாடு, ஆயருக்குப் பிடித்த ஆளைப் பேரரசராக்குவதில் போய் முடிந்தது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மறைமாவட்டம் வேறு, ஆயர் அரசராக ஆண்ட நிலம் வேறு. முதலாவதில் அவர் ஞான மேய்ப்பர் மட்டும். இரண்டாவதில்தான் வரி, தண்டனை எல்லாம். கான்ஸ்டன்ஸ் மறைமாவட்டம் ஜெர்மனியிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, ஆனால் அதன் ஆயர் ஆண்ட நிலம் கையகலம். வூர்ட்ஸ்பர்க் ஆயருக்கோ 1168ல் பார்பரோசா பேரரசர் பிரபுவுக்குரிய நீதி அதிகாரத்தையே கொடுத்தார்.

நான் நாணயம் சேர்ப்பவன். இந்த விஷயத்துக்குள் நான் வந்ததே நாணயம் வழியாகத்தான். ஒரு பக்கம் ஆயரின் முகம், மறுபக்கம் கோலும் வாளும் வைத்த குடும்பச் சின்னம். ஆயர் இறந்து அடுத்தவர் வருவதற்குள் ஆட்சி பேராலயக் குருமன்றத்தின் கையில் இருக்கும். அந்த இடைவெளியில் அவர்கள் தங்கள் பெயரிலேயே காசு அடிப்பார்கள். மூன்ஸ்டர், ஐக்ஷ்டெட் போன்ற ஊர்களின் அந்த 'காலி நாற்காலி' காசுகளுக்கு இன்றைக்கும் ஏலத்தில் நல்ல கிராக்கி.

#3 – மறுப்பாளன்

அருமையான தகவல்கள் பழங்காசு ஐயா. ஆனால் சாரம் ஒன்றுதானே? மதம் ஆட்சியைப் பிடித்தது. ஆன்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று வந்தவர்கள் சுங்கச்சாவடி போட்டு உட்கார்ந்தார்கள். தூக்குமேடை வைத்திருந்த ஆயர் என்று கேட்டாலே உடம்பு கூசுகிறது.

#4 – பழங்காசு

மேற்கோள்: "மதம் ஆட்சியைப் பிடித்தது."

எனக்கு இது நேர் தலைகீழாகத் தெரிகிறது. பிரபுக் குடும்பங்கள்தான் திருச்சபையைப் பிடித்தன.

வாரிசு வரக் கூடாது என்றுதானே ஓட்டோ ஆயர்களைத் தேடிப் போனார்? குடும்பங்கள் கொல்லைப்புறமாக வந்துவிட்டன. மகன் இல்லாவிட்டால் என்ன, அண்ணன் மகன் இருக்கிறானே! கொலோன் பேராயர் பதவியைப் பாருங்கள். 1583 முதல் 1761 வரை, 178 ஆண்டுகள், தொடர்ந்து ஐந்து பேராயர்களும் பவேரியாவின் விட்டல்ஸ்பாக் குடும்பம். எர்ன்ஸ்ட், அவர் அண்ணன் மகன் ஃபெர்டினாண்ட், அவர் தம்பி மகன் மாக்சிமிலியன் ஹைன்ரிக் என்று போகிறது. ஐந்தாவது ஆள் கிளெமென்ஸ் ஆகுஸ்ட். கொலோன், மூன்ஸ்டர், பாடர்போர்ன், ஹில்டஸ்ஹைம், ஓஸ்னாப்ரூக் என ஐந்து மறைமாவட்டங்கள் ஒரே ஆள் கையில். 'ஐந்து திருச்சபைகளின் ஐயா' என்றே அவருக்குப் பட்டப்பெயர். வேட்டை, மாளிகை, நாட்டியம் மூன்றிலும் மன்னர். 1761ல் பயண வழியில் டிரியர் தேர்வாளரின் மாளிகையில் உடம்பு சரியில்லாமலே விருந்தில் ஆடி, மயங்கி விழுந்து, மறுநாள் இறந்தார்.

ஆயரைத் தேர்ந்தெடுக்கும் அந்தக் குருமன்றம் சாதாரணக் குருக்களின் கூட்டம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான பேராலயங்களில் பிரபுக் குலத்தில் பிறந்தவருக்கு மட்டும்தான் இடம். தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் முன்னோர்கள் பிரபுக்கள் என்று ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். விவசாயி மகன் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் வாசலோடு சரி. தேர்தலுக்கு முன்னால் வேட்பாளரிடம் நிபந்தனைப் பட்டியல் நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள்: எங்கள் வருமானத்தைக் குறைக்க மாட்டேன், எங்களைக் கேட்காமல் போருக்குப் போக மாட்டேன், இப்படி. 1695ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் இன்னசென்ட் அதைத் தடை செய்ய வேண்டியிருந்தது.

பணக்கணக்குக்கு ஒரே உதாரணம் போதும். பிராண்டன்பர்க் குடும்பத்து ஆல்பிரெக்ட். 1513ல் மாக்டபர்க் பேராயர், வயது 23. மறு ஆண்டே மைன்ஸ் பேராயர் பதவியும் வேண்டும் என்றார். வயதும் போதாது, இரண்டு பேராயர் பதவியை ஒருவர் வைத்திருக்கவும் கூடாது. விதிவிலக்குக்கு ரோமுக்குப் பணம் கட்ட ஆக்ஸ்பர்க் ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். அந்தக் கடனை அடைப்பதற்காக அவர் நாட்டில் பாவ மன்னிப்புச் சீட்டு விற்பனை. வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட, மீதி ஃபுக்கர் கடனுக்கு. 1517 அக்டோபர் 31ல் மார்ட்டின் லூதர் தன் 95 கருத்துகளைக் கடிதத்தோடு அனுப்பியது இந்த ஆல்பிரெக்டுக்குத்தான். ஐரோப்பியக் கிறித்தவம் இரண்டாகப் பிளந்ததன் பின்னால் ஒரு பிரபு வீட்டுப் பையனின் பதவி ஆசை இருக்கிறது.

#5 – குமரிக்கடல்

நான் கத்தோலிக்கக் குடும்பம். இதையெல்லாம் மறைக்கல்வி வகுப்பில் யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள் :)

ஒரு சந்தேகம் அண்ணே. இவர்கள் திருப்பலி நிறைவேற்றினார்களா? குருப்பட்டம் கொடுப்பது, உறுதிபூசுதல் எல்லாம் யார் செய்தது? ஐந்து மறைமாவட்டம் என்றால் ஊருக்குப் போகவே நேரம் இருக்காதே.

#6 – பழங்காசு

அதற்குத் துணை ஆயர் என்று தனியாக ஒருவர் இருப்பார். பெரும்பாலும் எளிய குடும்பத்து ஆள், நன்றாகப் படித்தவர். ஆயர் செய்ய வேண்டிய ஞானப்பணி எல்லாம் அவர் தலையில். ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பலர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டதே இல்லை. நான் சொன்ன ஃபெர்டினாண்ட் 1612 முதல் 1650 வரை கொலோன் பேராயர். ஆனால் ஆயர் திருநிலைப்பாடு பெறவே இல்லை. தேர்தலும், ரோமின் ஒப்புதலும், பேரரசரின் செங்கோலும் இருந்தால் ஆட்சி நடக்கும்.

#7 – வடமராட்சி

ஓஸ்னாப்ரூக் பெயர் வந்தபடியால் உள்ளே வருகிறேன். இதைச் சொல்லாமல் போனால் பாவம்.

முப்பதாண்டுப் போர் முடிந்த 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில் அந்த ஊருக்கு ஒரு விசித்திரமான ஏற்பாடு செய்தார்கள். ஒரு முறை கத்தோலிக்க ஆயர், அடுத்த முறை லூத்தரன் ஆயர். லூத்தரன் முறை வரும்போது ஹனோவர் பக்கத்து பிரன்ஸ்விக்–லூனபர்க் குடும்பத்து ஆள்தான் வர வேண்டும். கிளெமென்ஸ் ஆகுஸ்ட் இறந்த பிறகு லூத்தரன் முறை. அப்போது ஹனோவரின் தலைவர் வேறு யாருமில்லை, இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர். அவர் தன் இரண்டாவது மகன் ஃபிரெடரிக்கை ஆயராக்கினார். பிள்ளை பிறந்தது 1763 ஆகஸ்டில். ஆயரானது 1764 பிப்ரவரியில். ஆறு மாதக் குழந்தை!

அடுத்து கத்தோலிக்கர் முறை வந்துவிட்டால் குடும்பத்துக்கு அந்த வருமானம் போய்விடும் என்பதால், நீண்ட காலம் உயிரோடு இருக்கக்கூடிய ஆளாகப் பார்த்து வைத்தார் தகப்பன். கணக்குப் பிழைக்கவில்லை. 1802ல் அந்தச் சிற்றரசே இல்லாமல் போகும் வரை அவர்தான் ஆயர். பின்னாளில் யார்க் பிரபுவாகி, பிரிட்டிஷ் இராணுவத்தின் தலைமைத் தளபதியானதும் அவர்தான்.

#8 – மறுப்பாளன்

பால் குடிக்கும் ஆயர்! வடமராட்சி, இன்றைய நாள் இனிதாக முடிந்தது, நன்றி.

#9 – வடமராட்சி

நான் வசிப்பது இங்கிலாந்தின் வடக்கே, டர்ஹாமுக்குக் கிட்ட. இந்தச் சங்கதி ஜெர்மனியில் மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். டர்ஹாம் ஆயருக்கும் சொந்த நீதிமன்றம், நாணயச்சாலை, படை எல்லாம் இருந்தன. ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகே நம்பகமான ஆள் ஒருவர் வேண்டும் என்பதுதான் காரணம். லண்டனிலிருந்து படை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் அல்லவா. 1284 முதல் 1311 வரை ஆயராக இருந்த ஆண்டனி பெக், 1298 ஃபால்கர்க் போரில் முதலாம் எட்வர்டின் படையில் ஒரு பிரிவை நடத்திப் போனவர். "இங்கிலாந்தில் அரசர்கள் இருவர், ஒருவர் தலையில் கிரீடம், மற்றவர் தலையில் ஆயர் முடி" என்று அவருடைய மேலாளரே சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு.

அதற்கும் முன்னால் 1080ல் வால்ச்சர் என்ற ஆயரைக் கேட்ஸ்ஹெட்டில் தேவாலயத்துக்குத் தீ வைத்து வெளியே வரவழைத்துச் சனங்கள் வெட்டிக் கொன்றார்கள். அவர் ஆட்கள் செய்த கொலைக்குப் பழிவாங்கல். ஆயரை ஆட்சியில் உட்கார வைத்தால் ஆட்சிக்குரிய கோபமும் அவர் மேல்தானே வரும்.

எட்டாம் ஹென்றி 1536ல் பெரும்பகுதி அதிகாரத்தைப் பறித்தார். மிச்சம் மீதி 1836 வரை ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக அந்த உரிமைகளோடு இருந்த வான் மில்டர்ட் ஆயர் பல்கலைக்கழகம் தொடங்க உதவினார். டர்ஹாம் கோட்டை இப்போது மாணவர் விடுதி. டர்ஹாம் ஆயரின் சின்னத்தில் ஆயர் முடியைச் சுற்றிப் பிரபுவின் கிரீடம் இன்றைக்கும் இருக்கிறது.

#10 – மறுப்பாளன்

சிரித்தது போதும், இப்போது கொஞ்சம் கசப்பு.

பாம்பெர்க். அதே ஆயர் அரசு. 1612 முதல் 1631 வரை சூனியக்காரர்கள் என்று சொல்லிக் கொல்லப்பட்டவர்கள் ஆயிரம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். உச்சம் யோஹான் கெயார்க் ஃபுக்ஸ் ஃபொன் டோர்ன்ஹைம் என்ற ஆயர் காலத்தில். 1627ல் இதற்கென்றே தனிச் சிறை கட்டினார். நகர மேயர்கள், ஆயரின் சொந்த அமைச்சர் கெயார்க் ஹானின் குடும்பம், யாரும் தப்பவில்லை. கொல்லப்பட்டவரின் சொத்து பறிமுதல்.

யோஹன்னஸ் யூனியுஸ் என்ற மேயர் 1628 ஜூலையில் சிறைக்குள்ளிருந்து மகள் வெரோனிக்காவுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. கட்டைவிரல் நசுக்கப்பட்ட கையால் எழுதியது. சித்திரவதை செய்தவனே "ஐயா, தாங்க மாட்டீர்கள், ஏதாவது ஒன்றைக் கற்பனை செய்தாவது சொல்லிவிடுங்கள்" என்று கெஞ்சியதாக அதில் எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் கொன்றார்கள். பக்கத்து வூர்ட்ஸ்பர்க்கில் அதே ஆண்டுகளில் ஃபிலிப் அடால்ஃப் ஃபொன் ஏரன்பர்க் என்ற ஆயர் காலத்தில் சின்னப் பிள்ளைகளைக்கூட விடவில்லை.

பழங்காசு ஐயா, குடும்பங்கள் திருச்சபையைப் பிடித்தன என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இங்கே குற்றம் சாட்டுபவரும், தீர்ப்பு சொல்பவரும், சொத்தை எடுத்துக்கொள்பவரும், அது கடவுள் சித்தம் என்று பிரசங்கம் செய்பவரும் ஒரே ஆள். சாதாரண ராஜாவை எதிர்த்துப் பேச ஒரு கோயிலாவது மிஞ்சும். இங்கே எங்கே போவது?

#11 – குமரிக்கடல்

யூனியுஸ் கடிதத்தைப் பற்றி எனக்கு எதிர்வாதம் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் கொடுமையை எதிர்த்து உரக்கப் பேசியவரும் ஒரு குருதான். ஃபிரீட்ரிக் ஷ்பே, இயேசு சபைக் குரு. சித்திரவதை செய்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள், எனவே வாக்குமூலத்துக்கு மதிப்பே இல்லை என்று வாதிட்டு லத்தீனில் 1631ல் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். அதைப் படித்து மனம் மாறியவர்களில் ஒருவர் யோஹான் ஃபிலிப் ஃபொன் ஷோன்பார்ன். அவர் 1642ல் வூர்ட்ஸ்பர்க் ஆயர், 1647ல் மைன்ஸ் பேராயர். தன் நாட்டில் சூனிய வழக்குகளை நிறுத்தினார். அந்தப் பெயரில்லாத நூலை எழுதியது ஷ்பேதான் என்று அவர் சொல்லிக் கேட்டதாகத் தத்துவஞானி லைப்னிட்ஸ் எழுதி வைத்திருக்கிறார். லைப்னிட்ஸ் அப்போது அவரிடம் வேலை பார்த்தவர். சாதாரணப் பேராசிரியர் ஒருவர் மனம் மாறியிருந்தால் இன்னொரு நூல் வந்திருக்கும். ஆட்சியில் இருப்பவர் மனம் மாறியதால் வழக்கு நின்றது.

கோட்டைவாசல் அண்ணன் வூர்ட்ஸ்பர்க்கில் யூலியுஸ் மருத்துவமனையைப் பார்த்தாரா? 1576ல் யூலியுஸ் எக்டர் ஆயர் ஏழைகளுக்காகத் தொடங்கியது. திராட்சைத் தோட்டம் எழுதி வைத்தார். அந்தத் தோட்டத்து ஒயின் வருமானம் இன்றும் அந்த அறக்கட்டளைக்குப் போகிறது. 1582ல் பல்கலைக்கழகத்தையும் நிலைநிறுத்தினார். "ஆயர் கோலின் கீழ் வாழ்வது நல்வாழ்வு" என்று ஜெர்மன்காரர்களிடம் பழமொழியே இருக்கிறது.

#12 – மறுப்பாளன்

யூலியுஸ் எக்டர் கதையை முழுதாகச் சொல்லுங்கள் நண்பரே. அந்த மருத்துவமனை நிற்கும் இடம் யூதர்களின் இடுகாடு. பறித்துக் கட்டினார். லூத்தரன் குடிமக்களுக்கு, மதம் மாறு அல்லது ஊரை விட்டுப் போ என்று சொன்னவரும் அவரே. சூனிய வழக்குகள் அவர் கடைசிக் காலத்திலேயே ஆரம்பித்துவிட்டன.

பழமொழி எல்லோருக்கும் பொருந்தாது. சால்ஸ்பர்க் மலைப்பகுதிக் குடியானவர்களைக் கேட்டால் வேறு பழமொழி சொல்வார்கள். 1731ல் ஃபிர்மியான் பேராயர் புராட்டஸ்டண்டுகள் அத்தனை பேரும் வெளியேற ஆணை போட்டார். சுமார் 20,000 பேர். மதம் காரணமாக வெளியேறுபவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் தர வேண்டும் என்பது வெஸ்ட்ஃபாலியா விதி. இவர்கள் கலகக்காரர்கள், அந்த விதி பொருந்தாது என்று சொல்லி, நிலமில்லாத கூலிகளுக்கு எட்டே நாள் கொடுத்தார். குளிர்காலம் தொடங்கும் நேரம். பெரும்பகுதி மக்களைப் பிரஷ்யா மன்னர் அழைத்துக் கிழக்கே குடியேற்றினார்.

#13 – பழங்காசு

இரண்டு பேர் சொல்வதும் பதிவாகட்டும். ஃபிர்மியான் செய்தது கொடுமை. அதே காலத்துப் புராட்டஸ்டண்ட், கத்தோலிக்க மன்னர்களும் செய்த கொடுமை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சூனிய வழக்கும் அப்படித்தான். ஆயர்கள் ஆளாத ஊர்களிலும் எரித்தார்கள். ஆனால் பாம்பெர்க், வூர்ட்ஸ்பர்க் அளவுக்கு ஒரே மூச்சில் நடந்த இடங்கள் குறைவு. மறுப்பாளன் கேட்ட 'எங்கே போவது' என்ற கேள்விக்கு அன்றைக்கு இருந்த பதில் பேரரசரின் நீதிமன்றம். அங்கே போய் மனுக் கொடுத்தார்கள், 1630–31ல் பேரரசரும் சொத்துப் பறிமுதலை நிறுத்தச் சொன்னார். பிறகு ஸ்வீடன் படை நெருங்கியதும் பாம்பெர்க் ஆயர் ஓடிப்போய் ஆஸ்திரியாவில் 1633ல் இறந்தார்.

அந்தப் பழமொழிக்குப் பின்னால் ஞானம் எதுவும் இல்லை, வரவு செலவுதான். பெரும்பாலான ஆயர் நாடுகளுக்குப் பெரிய நிரந்தரப் படை கிடையாது. மகனுக்கு நாடு சேர்க்கும் போரும் இல்லை, மகள் கல்யாணச் செலவும் இல்லை. பிரஷ்யாவில் கட்டாயப் படைச்சேர்ப்பும் வரியும் கசக்கிப் பிழிந்தபோது, ஆயர் நாட்டுக் குடியானவன் ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன சொல் அது. விதிவிலக்கு இல்லாமலில்லை. மூன்ஸ்டர் ஆயர் கிறிஸ்டோஃப் பெர்ன்ஹார்ட் ஃபொன் காலென் 1672ல் டச்சு நகரமான குரோனிங்கனை முற்றுகையிட்டுக் குண்டு மழை பொழிந்தார். 'குண்டு பெர்ன்ஹார்ட்' என்று பெயர். முற்றுகை தோற்றுப்போன ஆகஸ்ட் 28 அந்த ஊரில் இன்றும் விடுமுறை, வாணவேடிக்கை.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் இந்தக் கேள்வியை ஜெர்மன்காரர்களே எடுத்தார்கள். ஆயர் நாடுகள் வளமான நிலத்தில் இருந்தும் ஏன் முன்னேறவில்லை என்று ஃபுல்டா பேராலயக் குரு பீப்ரா கட்டுரைப் போட்டி வைத்தார். ஃபிரீட்ரிக் கார்ல் ஃபொன் மோசர் 1787ல் எழுதிய பதிலின் சாரம்: தேர்தல் ஆட்சி என்பதால் எந்த ஆயருக்கும் நீண்ட நோக்கு இல்லை, இந்த அமைப்பையே மாற்ற வேண்டும். எனக்கு இது பாதி சரி. அதே நேரத்தில் பாம்பெர்க்–வூர்ட்ஸ்பர்க் ஆயர் ஃபிரான்ஸ் லுட்விக் ஃபொன் எர்தால் 1789ல் பொது மருத்துவமனை திறந்து, வேலைக்காரர்களும் கைவினைத் தொழிலாளர்களும் சிறு தொகை கட்டினால் நோயின்போது சிகிச்சை கிடைக்கும் காப்பீட்டுத் திட்டமும் நடத்தினார். நீண்ட நோக்கு அவரிடம் இருந்தது. அடுத்து வருபவருக்கும் அது இருக்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை.

#14 – கோட்டைவாசல்

எதிர்பார்த்ததை விடப் பெரிய விருந்து! பழங்காசு ஐயா, வாரிசு இல்லை என்கிறீர்களே, உண்மையிலேயே பிள்ளைகள் இல்லையா?

#15 – பழங்காசு

சட்டப்படி இல்லை :) சால்ஸ்பர்க் பேராயர் வோல்ஃப் டீட்ரிக்குக்கு (1587–1612) சலோமே ஆல்ட் என்ற வணிகர் வீட்டுப் பெண்ணோடு பதினைந்து பிள்ளைகள். அவளுக்காக 1606ல் கட்டியதுதான் இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் மிராபெல் மாளிகை. அவர் பதவி போனதற்கு அந்தக் குடும்பம் காரணம் இல்லை. உப்பு வியாபாரத்தில் பவேரியாவோடு மோதி, 1611ல் தோற்றார். தன் சொந்தக் கோட்டையிலேயே சிறைவைக்கப்பட்டு 1617ல் இறந்தார்.

கொலோனில் கெப்ஹார்ட் ட்ரூக்சஸ் இன்னொரு வழியில் போனார். ஆக்னஸ் ஃபொன் மான்ஸ்ஃபெல்ட் என்ற பெண்ணை 1583ல் முறைப்படி திருமணமே செய்துகொண்டார். புராட்டஸ்டண்டாகவும் மாறி, நாட்டையும் விட மாட்டேன் என்றார். ஏழு தேர்வாளர்களில் ஏற்கெனவே மூவர் புராட்டஸ்டண்ட். இவரும் சேர்ந்தால் நான்கு. அடுத்த பேரரசர் யார் என்பதே மாறிவிடும். மதம் மாறும் ஆயர் பதவியை இழக்க வேண்டும் என்று 1555 ஆக்ஸ்பர்க் உடன்பாட்டில் எழுதியிருந்தது. 1588 வரை போர். விட்டல்ஸ்பாக் குடும்பம் கொலோனுக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். வைப்பாட்டியைச் சகித்துக்கொண்ட அமைப்பு மனைவியைச் சகிக்கவில்லை.

#16 – குமரிக்கடல்

ஆர்த்தடாக்ஸ் பக்கமும் இருந்ததே? மாண்டினீக்ரோ?

#17 – வடமராட்சி

இருந்தது. 'விளாடிகா' என்ற ஆயர்கள்தான் அங்கே தலைவர்கள். 1697 முதல் பெட்ரோவிச் குடும்பத்துக்குள்ளேயே பதவி போய்க்கொண்டிருந்தது. புகழ்பெற்ற கவிஞர் இரண்டாம் பெட்டர் நியெகோஷ் அந்த வரிசையில் வந்தவர்; 1851ல் இறந்தார். அடுத்து வந்த டானிலோவுக்கு ஆயர் உடை போட விருப்பமில்லை. 1852ல் தன்னை வெறும் இளவரசர் என்று அறிவித்துவிட்டார். கல்யாணமும் செய்துகொண்டார்.

இன்றைக்கும் மிச்சமிருப்பது அண்டோரா. 1278ல் ஊர்ஹெல் ஆயரும் ஃபுவா பிரபுவும் சேர்ந்து ஆள்வதாக ஒப்பந்தம். பிரபுவின் உரிமை கை மாறி மாறி இப்போது பிரெஞ்சு அதிபரிடம். ஆயரின் உரிமை ஆயரிடமே. 1993 அரசியலமைப்புக்குப் பிறகு பெயரளவில்தான், ஆனாலும் சட்டப்படி நாட்டின் தலைவர்கள் இந்த இரண்டு பேர். அந்த ஆயர் இருப்பதோ ஸ்பெயினில்.

#18 – கோட்டைவாசல்

ஜெர்மனியில் எப்படி முடிந்தது?

#19 – பழங்காசு

நெப்போலியன். 1801 லூனவில் உடன்படிக்கையில் ரைன் நதிக்கு மேற்கே உள்ள நிலமெல்லாம் பிரான்சுக்குப் போனது. அங்கே நிலம் இழந்த மன்னர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும். எங்கிருந்து? ஆயர்களின் நிலத்திலிருந்து. 1803 பிப்ரவரி 25ல் பேரரசின் மன்றக் குழு தீர்மானம் போட்டது, ஆயர் நாடுகளைப் பங்கு பிரித்தார்கள். பாம்பெர்க்கும் வூர்ட்ஸ்பர்க்கும் பவேரியாவுக்கு. மைன்ஸ் பேராயர் டால்பர்கை மட்டும் ரேகன்ஸ்பர்க்குக்கு மாற்றி விட்டுவைத்தார்கள். மடங்களின் நூலகங்களை வண்டி வண்டியாக மூனிக்குக்கு ஏற்றினார்கள். பாம்பெர்க் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. கேட்க நாதி இல்லை. வாரிசு இருந்திருந்தால் உரிமை கோரி வந்திருப்பான். ஓட்டோ போட்ட கணக்கு 850 ஆண்டு கழித்துப் பலித்தது, பலன் மட்டும் பேரரசருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த மூன்றே ஆண்டில், 1806ல், பேரரசும் போய்விட்டது.

#20 – மறுப்பாளன்

எடுத்ததெல்லாம் சரிதான் என்பேன்.

#21 – குமரிக்கடல்

எடுத்துக்கொண்டு மன்னர்களுக்குத்தானே கொடுத்தார்கள், குடியானவனுக்கா கொடுத்தார்கள்?

#22 – பழங்காசு

குமரிக்கடல் கேட்டது சரியான கேள்வி. கோட்டைவாசல் ஜெர்மனியில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், அவர் கட்டும் வரியும் இதில் இருக்கிறது. 1803ல் சொத்தை எடுத்துக்கொண்ட அரசுகள் ஆயர்களுக்கும் பேராலயங்களுக்கும் ஆகும் செலவைப் பொறுப்பேற்றன. அது பின்னர் ஒப்பந்தங்களாக மாறியது. ஹாம்பர்க், பிரேமன் தவிர எல்லா மாநிலங்களும் சேர்ந்து இன்றும் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் என இரு திருச்சபைகளுக்கும் ஆண்டுக்கு 50 கோடி யூரோவுக்கு மேல் கட்டுகின்றன. திருச்சபை உறுப்பினர்கள் கட்டும் திருச்சபை வரி வேறு, இது வேறு. இது எந்த மதத்தையும் சேராதவர் கட்டும் வரியிலிருந்தும் போகிறது. ஒரு மொத்தத் தொகை கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும் என்று 1919 வைமார் அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது, இன்றைய அரசியலமைப்பும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மொத்தத் தொகை எவ்வளவு, யார் கொடுப்பது என்பதில் மாநிலங்கள் இழுத்தடித்துக்கொண்டே இருக்கின்றன.

#23 – மறுப்பாளன்

நூறு வருஷமாகவா? அது தனி இழை போட வேண்டிய விஷயம். நானே ஆரம்பிக்கிறேன், குமரிக்கடல் அங்கே வந்து சண்டை போடவும்.